படிக்குக் கீழே இருக்கும் அலமாரி

நகரும் படியில் நின்றபடி துளசிமணி தன் கால்களையே பார்த்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கால் நகரவில்லை, ஆள் மட்டும் மேலே போகிறாள். ஐம்பத்தாறு வயதும் இப்படித்தான் வந்து சேர்ந்தது, தானாக ஓர் அடி எடுத்து வைத்ததாக ஞாபகமே இல்லை. காலையிலிருந்து திருப்பூரில் இது நாலாவது கடை. மணி மூன்று தாண்டிவிட்டது, சாப்பிடவில்லை, பசியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாரணிக்குக் கல்யாணம், அதற்கு ஒரு சேலை வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் தாரணி யாரோ அல்ல, ஒரே தம்பி ஈஸ்வரமூர்த்தியின் மகள். அந்த ஈஸ்வரமூர்த்தி அவளோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. பத்திரிகை தபாலில்தான் வந்தது. ஓரத்தில் பேனாவால் “அத்தை, கண்டிப்பா வரணும்” என்று எழுதியிருந்தது, பெண்ணின் எழுத்து, தம்பியின் எழுத்து இல்லை. புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை, அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த வீடுதான் கடைசியாக ஒதுங்குகிற தாவு. அந்த வாசலில் போய் நிற்கும்போது அவன் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டான், சேலையைத்தான் பார்ப்பான், அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை இப்போது நினைக்க வேண்டாம். சேலையைப் பார்த்து ‘அக்கா கஷ்டப்படறா’ என்று தோன்றக் கூடாது. ‘இந்த வயசுல இவளுக்கு என்ன மினுக்கு’ என்றும் தோன்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உலகத்தில் ஒரே ஒரு சேலையாவது இருக்க வேண்டுமே. ஆள் பாதி ஆடை பாதி என்கிறார்கள், ஆள் தயாராகத்தான் இருக்கிறாள், மிச்சப் பாதியைத்தான் எந்த மாடியிலும் காணோம்.

முதல் மாடி பட்டு, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இரண்டாவது மாடியில் ஃபேன்சி. மேஜைமேல் விரித்துப் போட்டிருந்த ஒன்றை அவள் தொட்டவுடனே விரலில் மினுமினுப்பு ஒட்டிக்கொண்டது, மீன் கழுவின கைபோல. கல்லைப் பசையால்தான் ஒட்டியிருந்தார்கள், ஒரு தண்ணிக்குத் தாங்காது. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். துணியில் ஊசி விட்ட இடம், நூல் அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டால் அடுத்த உருப்படி வந்து நிற்கும். இன்றைக்கு ஒட்டுவதென்றால் ஒரு பெட்டி ஸ்டிக்கர் போதாது. கரையில் சரிகை பிசிறு. முந்தானை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம், சாயம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. நீளம் அஞ்சரை மீட்டர் என்று சீட்டில் இருக்கும், முழம் போட்டால் அஞ்சு தேறாது, கொசுவத்துக்கு நாலு மடிப்பு வராது, ஆனை வாங்கி அங்குசம் வாங்காத கதையாக உடம்பைச் சுற்றிவிட்டு முந்தானைக்கு எங்கே போவது. “யாருக்குங்க்கா?” என்றாள் அங்கிருந்த பெண். “எனக்குத்தான்.” அந்தப் பெண் முகத்திலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து முகத்துக்கும் ஒருமுறை போய்வந்தாள். “ஆன்ட்டி, உங்களுக்குன்னா கீழ காட்டன்ல பாருங்க, வயசானவங்களுக்கு அங்கதான் இருக்கும்.” கீழே பார்த்தாயிற்றே. கஞ்சியை ஊற்றி விறைக்க வைத்த சாம்பல் கட்டம், கசக்கினால் மாவு கொட்டியது, எண்பது வயதுக்காரி ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போவது. இருபத்தைந்துக்கு ஒரு மாடி இருக்கிறது, எண்பதுக்கு ஒரு மூலை இருக்கிறது. நடுவில் இருக்கிற ஐம்பத்தைந்து வருடத்தையும் பெண்கள் துணி இல்லாமல் எங்கேயோ உட்கார்ந்து கழித்துவிடுகிறார்கள் என்று இந்தக் கடைக்காரன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது மாடியில் இறங்கினதும் பொம்மைகள் வரிசையாக நின்றன. இரண்டாவது மாடியில் நின்றவற்றுக்குத் தலை இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. இங்கே தலை இல்லை. கழுத்தோடு வழவழவென்று முடிந்திருந்தது. வயது தெரிந்துவிடக் கூடாதென்று எடுத்துவிட்டார்களோ. எல்லாம் ஒரு கையைச் சற்றே தூக்கி, எதையோ சொல்ல வந்து நிறுத்தினது மாதிரி நின்றன. தலை இல்லாததால் சொல்ல முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பொம்மையின் சேலை மட்டும் அழகாக இருந்தது. மயில் கழுத்து நிறம், உடம்போடு படிந்திருந்தது, நல்ல துணி இப்படித்தான் படியும். பின்னால் சுற்றிப்போய்ப் பார்த்தாள். முதுகுப் பக்கம் முழுக்கத் துணிக் கிளிப்புகள், ஊக்குகள், செலோ டேப். அதற்கு நடுவில் முதுகே இல்லை, குடைந்து விட்டிருந்தது, உள்ளே இருட்டாக இருந்தது. பேசாமல் முன்பக்கம் வந்தாள். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், விற்கிற பெண்தான், ஆனால் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “யாருக்குங்க பாக்கறீங்க?” மறுபடியும் அந்தக் கண் முகத்துக்கும் இடுப்புக்கும் போய்வரப் போகிறது என்று தெரிந்தது. அதைத் தாங்குகிற தெம்பு இல்லை. “எங்க அக்காவுக்கு,” என்றாள் துளசிமணி.

அக்கா என்று யாரும் இல்லை. அவள்தான் மூத்தவள், அவளும் ஈஸ்வரமூர்த்தியும் இரண்டே பேர். வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான், ஆனால் சொன்னதும் எவ்வளவு லேசாக இருந்தது. “எத்தன வயசுங்க?” “அம்பத்தாறு.” “என்ன நெறமா இருப்பாங்க?” “என்ன மாதிரித்தான்.” “உசரம்?” “என் உசரந்தான்.” “கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா மேல வெச்சுப் பாத்திருக்கலாமுங்க.” “அவளால வர முடியாது,” என்றாள், ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியாமலே. அந்தப் பெண் காட்டின எதுவும் சரியில்லை, ஒன்றில் இறக்கை முளைத்த குதிரைகூட இருந்தது. கீழே இறங்குகிற படியில் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் அவளுடைய உயரத்தில், அவளுடைய நிறத்தில், சாயம் போன ஊதாச் சேலையில் ஒருத்தி கூடவே இறங்கி வந்தாள். இவள் அக்காவாக இருப்பாளோ. வர முடியாதவள் வந்துவிட்டாளோ. சே, என்ன புத்தி இது, வெயிலில் அலைந்தால் இப்படித்தான் ஆகும், வயிற்றில் ஒன்றும் இல்லை. துளசிமணி கைப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள், அவளும் மாற்றினாள், கொஞ்சம் தாமதமாக மாற்றினது மாதிரி இருந்தது. படி முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றும் பார்க்கவில்லை.

தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், கூரை சரிந்து வருகிற இடத்தில், ஒரு மர அலமாரியும் ஒரு சின்ன மேஜையும் இருந்தன. இந்த ஐந்து மாடிக் கடையில் பாட்டு கேட்காத இடம் இது ஒன்றுதான். அறுபது வயது இருக்கும் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஒன்றும் இல்லை, அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். எழுந்து நின்றது இன்றைக்கு இவர் ஒருவர்தான். “வாங்க”வும் சொல்லவில்லை, “என்ன பாக்கறீங்க”வும் கேட்கவில்லை, சும்மா நின்றார். அவள் களைத்துப் போயிருந்தாள். “எங்க அக்காவுக்கு ஒரு சேல வேணும். அம்பத்தாறு வயசு. நல்ல நூலா இருக்கணும். அடக்கமா இருக்கணும். வெல தாங்கற மாதிரி இருந்தாப் போதும்.” அவர் தலையை ஆட்டிவிட்டு அலமாரியைத் திறந்து மடிப்புக் கலையாமல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். சந்தன நிறம். அரக்குக் கரை, ஒரு விரல் அகலம். அவள் விரல் முதலில் போயிற்று. மேல் மடிப்பு, கரை, கரையும் உடம்பும் சேருகிற இடம். கஞ்சி இல்லை. நூல் நெருக்கம், ஆனால் மெத்தென்று இருந்தது, கரையில் ஒரு பிசிறு இல்லை. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், அவள் மனசில் வைத்திருந்ததற்கும் குறைவாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. இத்தனை நேரமும் இது இங்கேயேதான் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. “இந்த ரகம் இருவது வருசமா மாறலீங்க அம்மணி,” என்றார் அவர். “மேல மாசத்துக்கொரு தாட்டி மாத்துவாங்க. நம்ம அலமாரிக்கு மட்டும் ஃபேஷனே கெடையாது.” அவள் தோள்மேல் போட்டுப் பார்க்கலாமென்று சுற்றிலும் பார்த்தாள். கடை முழுக்க, தூணில்கூடக் கண்ணாடி. இங்கே மட்டும் கண்ணாடி இல்லை. அவர் கலங்கின கண்ணைப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார். “எப்பங்க அம்மணி தவறினாங்க?”

கோடி. இது கோடி அலமாரி. செத்துப்போனவள்மேல் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுத்துணி, புருஷன் செத்துப்போனவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற புதுத்துணி. கையை எடுத்திருக்க வேண்டும், இல்லீங்க தப்பா நெனச்சுட்டீங்க என்று சொல்லியிருக்க வேண்டும், விரல் விலகவில்லை, துணி அவ்வளவு நன்றாக இருந்தது. “காலையில,” என்றாள். அவர் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். யாரும் இல்லாத ஒருத்திக்காக ஒரு மனுஷன் தலை குனிந்து நிற்கிறான், அந்த ஒருத்திக்கு அவள் வயது, அவள் நிறம், அவள் உயரம். “பொறந்த ஊட்டுக் கோடியா? கூடப் பொறந்தவன் வல்லீங்களா?” “அவன் வரமாட்டான். பேச்சு இல்ல.” “நீங்களே எடுக்கறீங்களாக்கும்,” என்றார் அவர், குற்றமாகச் சொல்லவில்லை, பாவமே என்றுதான் சொன்னார், ஆனால் அந்த வார்த்தை அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் போய் எதிலோ மாட்டிக்கொண்டது. நீங்களே எடுக்கறீங்களாக்கும். நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்தது இப்போது வந்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால், வாசலில் சென்னியப்பனைக் கிடத்தியிருந்தார்கள், அவள் புருஷன்தான், மூக்கில் பஞ்சு வைத்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், சனமெல்லாம் சுற்றி நின்றது. ஈஸ்வரமூர்த்தி வந்தான். அந்த மாசம்தான் அவனுடைய சாயப்பட்டறையை மூடியிருந்தார்கள், அது அவளுக்குத் தெரியும். வெள்ளைச் சேலை ஒன்றை அவள் தலைமேல் போட்டான். அழுதுகொண்டுதான் இருந்தாள், சத்தியமாக அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் அழுகிற நேரத்தில் விரல் சும்மா இருக்கவில்லையே, தலையிலிருந்து சரிந்த துணியை அது பாட்டுக்குத் தடவியது, நூல் விட்டு விட்டு வலை மாதிரி இருந்தது, வாய் சொல்லிவிட்டது: “ஏன்டா, இதுதான் கெடச்சுதா உனக்கு?” யாரோ ஒருத்தி சொன்னாள், “புருசன் பொணங் கெடக்குது, இவ துணிக்கு நயம் பாக்கறா.” அவன் முகம் செத்துப்போயிற்று. பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டான். அதைச் சொன்னது அவளில்லை, விரல், இருபத்திரண்டு வருடச் சம்பளத்துக்குப் பழகின விரல். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

“ஒரு தாட்டி பிரிச்சுப் பாத்துக்கறனுங்க,” என்றாள். முந்தானைவரை பார்க்காமல் ஒரு துணியை அவள் வாங்கினதே இல்லை. அவர் மேஜைமேல் கை வைத்துத் தடுத்தார். “வேண்டாமுங்க அம்மணி. கோடியப் பிரிக்கப்படாது. பிரிச்சுட்டா அப்பறம் அது வெறும் சேலைங்க.” மற்றவர்களுக்கெல்லாம் மஞ்சள் நிறத்தில் லட்சுமி படம் போட்ட பை. அவளுக்கு வெறும் வெள்ளைப் பை, அதற்குள்ளும் சேலையைப் பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் வைத்திருந்தார்கள். விலை பேசவும் தோன்றவில்லை, கோடிக்குப் பேசக் கூடாதாம். பணம் வாங்குகிற பெண் அந்தப் பையைப் பார்த்ததும் “தேங்க்யூ”வை முழுங்கிக்கொண்டாள். வாசலில் பெரிய மீசை வைத்த காவல்காரர் ஒருவர் வெளியே போகிறவர்கள் எல்லாருக்கும் நெற்றியில் கை வைத்து “போயிட்டு வாங்கம்மா, போயிட்டு வாங்கய்யா” என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் வாங்காமல் போகிறவர்களுக்குக்கூடச் சொன்னார். துளசிமணி முறை வந்தது. அவர் கண் பைக்குப் போயிற்று. கை நெற்றிக்குப் பாதி வழியில் இறங்கிவிட்டது. இழவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்வதில்லை, வாங்க என்று யாரும் சொல்வதில்லை, அது அவளுக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். “எனக்கு ஒண்ணுஞ் சொல்லலியே,” என்றாள். “அந்தப் பைக்குச் சொல்றதில்லீங்கம்மா.” “இது எனக்குத்தானுங்க. நான் கட்டறதுக்கு.” அந்த மனுஷன் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தார்.

கடைக்கு வெளியே கல் படியில் நின்றாள். தெருவில் வெயில் அப்படியே இருந்தது, ஆட்டோக்கள் கத்தின, யாரும் அவளை இடிக்கவில்லை, எல்லாரும் ஒதுங்கித்தான் போனார்கள், எப்போதுமே இப்படித்தான் ஒதுங்குவார்களா, இன்றைக்குத்தானா. எதிரே கண்ணாடிக்குள் தலை உள்ள பொம்மைகள் சிரித்தன. ஒருவேளை மூன்றாவது மாடியில் நின்ற பெண் என்னிடம்தான் பேசினாளா. எழுந்து நின்ற அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துத்தான் எழுந்தாரா. காலையில் என்றேனே, காலையில் என்ன நடந்தது, எழுந்தேன், குளித்தேன், காப்பி குடித்தேனா. காப்பி குடித்த டம்ளர் ஞாபகத்தில் இல்லை. நாக்கைப் பல்லில் அழுத்திப் பார்த்தாள், வலித்தது, சரி. யாராவது ஒரு ஆள் தன்னை வா என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. யார் சொல்வார்கள். கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, கீழே அச்சடித்திருந்த எண்ணைப் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். அந்தப் பக்கம் பந்தல் அடிக்கிற சத்தம் கேட்டது. “யாருங்க?” பதினோரு வருடத்தில் குரல் அப்பன் குரலாகிவிட்டிருந்தது. “நாந்தான்டா.” சுத்தியல் சத்தம் நாலைந்து தடவை கேட்டது. “எங்க இருக்கறே?” “திருப்பூர்ல. கடைக்கு முன்னால. சேல எடுக்க வந்தேன்.” மறுபடியும் சுத்தியல். பிறகு அவன், தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்னிக்குச் சொன்னே இல்ல,” என்றான். “ஈஸ்வரா, அது—” “இரு, நாஞ் சொல்லிக்கறேன். அடுத்த நாளே போயி வேற எடுத்தேங்க்கா. நீ பாக்கற மாதிரியே தடவிப் பாத்து எடுத்தேன். உங்க சந்து முக்குல வந்து நின்னேன். உள்ள வர்றதுக்குக் காலு எழல. பீரோவுலதான் கெடக்குது. பிரிக்கவேயில்ல.” “என்ன நெறம்?” என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. “சந்தனம். அரக்குக் கரை. அந்த அஞ்சு மாடிக் கடையில, படிக்குக் கீழ ஒரு பெரியவரு குடுத்தாரு.”

பதினோரு வருடமாக. அவள் மேஜைமேல் உருப்படிகளைத் தள்ளிக்கொண்டிருந்த நாளெல்லாம், தீபாவளிக்குக் கடை கடையாக அலைந்து ஒன்றும் பிடிக்காமல் திரும்பின நாளெல்லாம், நல்ல நூலில், தாங்குகிற விலையில், அடக்கமான நிறத்தில் அவளுக்கென்று ஒன்று அந்தப் பீரோவில் பூச்சி உருண்டை வாசத்தோடு மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கிறது. வயது வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. பயமாக இருந்தது. பயத்துக்கு உள்ளே, படிக்குக் கீழே துணியைத் தொட்டபோது வந்த அதே கண் கலக்கமும் இருந்தது. “கொண்டாந்து தரட்டுமாக்கா? ஞாயித்துக்கெழமைக்கு அதயே கட்டிக்க.” “வேண்டான்டா,” என்றாள். “அது அங்கயே இருக்கட்டும். பிரிச்சுப் போட்டறாத. அது எதுக்குன்னு தாரணிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெய்யி. எனக்கு அது வேண்டி வர்ற அன்னிக்கு நீ எடுத்துட்டு வந்தீன்னாப் போதும். ஞாயித்துக்கெழமைக்கு எனக்கு ஒண்ணு கெடச்சிருச்சு.” அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. “வாக்கா,” என்றான். “ஆறு மணிக்கு முகூர்த்தம். சனிக்கெழமயே வந்துரு.”

போனை வைத்துவிட்டுச் செய்தித்தாளைக் கிழித்தாள். “யம்மா, யம்மா, அதப் பிரிக்கப்படாதுங்க,” என்று வாசலிலிருந்து காவல்காரர் ஓடிவந்தார். “வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையப் புடிங்க,” என்றாள் துளசிமணி. நீளத் துணியை ஒரு ஆளாகப் பார்க்க முடியாது, கம்பெனியிலும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். அவர் தொடவும் முடியாமல், தரையில் விழ விடவும் முடியாமல், இரண்டு விரலால் பிடித்தார். தெருவுக்குக் குறுக்கே சந்தன நிறம் விரிந்தது, ஒரு ஸ்கூட்டர்காரன் நின்றே விட்டான். அவள் கரையிலிருந்து கரைக்கு விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், ஒன்றும் இல்லை, இப்படிப் பழுதே இல்லாமல் ஒரு துணி இருக்கக் கூடாது. முந்தானைக்கு ஒரு சாண் இருக்கும்போது விரல் நின்றது. ஒரு நூல் விட்டிருந்தது, கடுகளவு. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இது வெறும் சேலைதான், மனுஷன் நெய்த சேலைதான், இதைக் கட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம். மடித்துப் பைக்குள் வைத்தாள். காவல்காரர் கையை வேட்டியில் துடைப்பதுபோல உடுப்பில் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், “போயிட்டு வாங்கம்மா,” என்றார். “வாரனுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பேருந்து நிலையத்தைப் பார்க்க நடந்தாள். பாதித் தெரு போனபிறகுதான் அது தோன்றியது. ஒரே ரகம், ஒரே தறியாகக்கூட இருக்கலாம். அந்தப் பீரோவில் கிடப்பதிலும் முந்தானைக்கு ஒரு சாண் தள்ளி அதே இடத்தில் நூல் விட்டிருக்குமா. தம்பிக்கு அந்தப் பார்வை கிடையாது, அவன் தடவிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதைப் பிரித்து அவள்மேல் போடுகிற அன்றைக்கு அவள் விரல் பக்கத்திலேயேதான் இருக்கும், ஆனால் தடவிப் பார்க்காது. நாலே முக்கால் வண்டி கிளம்பத் தயாராக நின்றது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.